ரோஜாவில் பூஞ்சை நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முப்பது தொட்டிகளில் ரோஜா வளர்க்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக, பாலிதீன் பையில் ஓர் இலையைப் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். பையின் உட்புறம் வியர்த்திருக்கும். இலை கரும்புள்ளிகளோடு அதில் ஒட்டிக் கிடக்கும். "இதற்கு என்ன மருந்து?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. நான் முதலில் கேட்பதோ, "இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது?" என்பது. ஆண்டுதோறும் வரும் அதே சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, உதிர்ந்துவிடுகிறது. இது என்ன நோய்?

கரும்புள்ளி நோய். டிப்ளோகார்பன் ரோசே என்ற பூஞ்சையால் வருவது. புள்ளி வட்டமாகத்தான் இருக்கும். ஆனால் விளிம்பு சீராக இருக்காது. சொரசொரப்பான தாளில் மைத்துளி விழுந்து இழை இழையாக ஊறியது போலத் தெரியும். பெரும்பாலும் இலையின் மேற்பக்கத்தில், அதுவும் மண்ணுக்கு அருகிலுள்ள கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்தபின் இலை தொட்டாலே கழன்றுவிடும்.

இந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய ஏறத்தாழ 7 மணி நேரம் இலைமேல் ஈரம் நிற்க வேண்டும். நுழைந்தபின் அது நம் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். எனவே இன்று நீங்கள் பார்க்கும் புள்ளி, போன வாரத்து மழையிலோ மாலையில் ஊற்றிய தண்ணீரிலோ உண்டானது. இந்த 7 மணி நேரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

தளிரில் மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கிறது. இதுவும் அதே நோய்தானா?

இல்லை, இது சாம்பல் நோய். பூஞ்சையும் வேறு, அதன் குணமும் வேறு. கரும்புள்ளி கீழிருந்து ஏறும். சாம்பல் நோய் இளந்தளிரையும் மொட்டின் கழுத்தையும்தான் தேடிப் பிடிக்கும். தளிர் சுருண்டு கோணலாகும். மொட்டைச் சாம்பல் மூடிவிட்டால் பூ சரியாக விரியாது. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும்.

இதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. இலைமேல் தண்ணீர் நின்றால் இதன் வித்து முளைக்கத் தடுமாறும். பகலில் வறண்ட இளவெயில், இரவில் குளிரும் காற்றில் ஈரப்பதமும் என்றால் இதற்குக் கொண்டாட்டம். அதனால் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் அதிகம். ஓசூர், உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் இதன் தொல்லை இன்னும் நீளும்.

கிளையின் நுனி கறுத்துக் காய்ந்து, அப்படியே கீழே இறங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர்க் குறை என்றால் செடி முழுவதும் வாடும். ஒரு கிளை மட்டும், அதுவும் வெட்டிய இடத்திலிருந்தோ பூப் பறித்த காம்பிலிருந்தோ கருமையாகக் கீழிறங்கினால் அது நுனிக்கருகல். நம் ஊர் ரோஜாவுக்கு வரும் நோய்களில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கரும்புள்ளி இலையை உதிர்க்கும். செடி மறுபடி துளிர்க்கும். நுனிக்கருகல் செடியையே கொண்டுபோய்விடும்.

கருகிய இடத்துக்குக் கீழே, பச்சையான பகுதியில் இரண்டு மூன்று அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். வெட்டியபின் தண்டின் நடுவே இருக்கும் சோற்றைப் பாருங்கள். அது வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் போதும். பழுப்பு வளையமோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மேலும் ஓர் அங்குலம் இறங்குங்கள். வெள்ளைச் சோறு தெரியும் வரை வெட்டுவதை நிறுத்தக் கூடாது. மனம் கேட்காமல் அரை அங்குலம் விட்டுவைத்தால், பத்தாம் நாள் அதே கிளை மறுபடி கறுத்து நிற்கும். வெட்டிய வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பொடியைப் பசை போலக் குழைத்துத் தடவுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்திரியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். நான் இதைச் செய்யாமல் ஒரே கத்திரியால் வரிசையாகக் கவாத்துச் செய்த ஆண்டில், நோய் இருந்த ஒரு செடியிலிருந்து ஐந்து செடிகளுக்கு என் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவற்றில் இரண்டு பிழைக்கவில்லை.

இலையில் எது வந்தாலும் பூஞ்சைதானா?

இல்லை. மருந்துச் செலவில் பாதி இந்தக் குழப்பத்தால்தான் வீணாகிறது. இலையின் மேற்பக்கம் மணல் தூவியது போல வெளிறி, அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. கோடைத் தொல்லை அது. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். மொட்டின் விளிம்பு தீய்ந்து, பூ பாதி விரிந்து நின்றால் இலைப்பேனாக இருக்கலாம். பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், ஊசி முனை அளவில் ஓடும். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. வெயில் சுட்ட இலை விளிம்பில் காய்ந்திருக்கும், ஆனால் நாள்தோறும் பரவாது.

பூஞ்சைப் பக்கம் இன்னும் இரண்டு உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி முடிச்சுகள் இருந்தால் துரு நோய். குளிர்ந்த இடங்களில் வரும். ஊதா கலந்த பழுப்புத் திட்டுகள் ஒழுங்கற்ற வடிவில் வந்து, இலைகள் மளமளவென உதிர்ந்தால் அடிச்சாம்பல் நோய். பெயரில் சாம்பல் இருந்தாலும் இது மேலே சொன்ன சாம்பல் நோயின் உறவல்ல. பசுமைக்குடில்களில் வளர்க்கும் ரோஜாவுக்கு இது ஒரு பெரிய எதிரி.

தினமும் மாலையில் செடியைக் குளிப்பாட்டுவது போலத் தண்ணீர் தெளிக்கிறேன். நல்லதுதானே?

அன்பால் செய்வது என்று தெரியும். ஆனால் கரும்புள்ளிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மாலை ஆறு மணிக்கு நனைந்த இலை விடியும் வரை உலராது. 7 மணி நேரம் நள்ளிரவு தாண்டியதும் முடிந்துவிடும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், தூரில் மட்டும் ஊற்றுங்கள். மண் தெறிக்காமல் மெதுவாக ஊற்றுங்கள், ஏனென்றால் தரையில் கிடக்கும் வித்துகள் தெறிக்கும் துளியோடுதான் கீழ் இலைக்கு ஏறுகின்றன. தொட்டி மண்மேல் காய்ந்த தென்னை நார் மூடாக்குப் போட்டால் அந்தத் தெறிப்பும் நின்றுவிடும்.

அப்படியானால் தண்ணீர் பீய்ச்சினால் செஞ்சிலந்தி போகும் என்றது எப்படி என்று கேட்பீர்கள். அதையும் காலையில், வெயில் ஏறும் வேளையில் செய்தால் ஒரு மணி நேரத்தில் இலை உலர்ந்துவிடும். சாம்பல் நோய்க்கும் இப்படிக் காலையில் கழுவுவது நல்லதே. எவ்வளவு தண்ணீர் பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் நின்றது என்பதே முக்கியம்.

புள்ளி விழுந்த இலைகளை எல்லாம் கிள்ளிவிடட்டுமா?

பத்தில் இரண்டு மூன்று இலைதான் பாதிக்கப்பட்டிருந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். செடியே புள்ளியாக இருந்தால் மொட்டையடிக்காதீர்கள். இலை இல்லாத செடி உணவுக்கு எங்கே போகும்? மஞ்சளாகிவிட்டவற்றையும் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ளவற்றையும் மட்டும் எடுத்துவிட்டு, புதுத்துளிரைக் காப்பாற்றுவதில் கவனம் வையுங்கள்.

கிள்ளுவதைவிட முக்கியம் பொறுக்குவது. உதிர்ந்த இலையில்தான் பூஞ்சை அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. தொட்டிக்குள்ளும் தொட்டிகளின் இடுக்கிலும் கிடப்பதைத் தினமும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். வீட்டு மட்குத் தொட்டியில் போடவேண்டாம். நம் சிறிய தொட்டிகளில் பூஞ்சை சாகும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

மருந்து அடித்து ஒரு வாரம் ஆகிறது, புள்ளி அப்படியே இருக்கிறதே?

விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. அந்த இடத்து இலைத்திசு இறந்துவிட்டது. மருந்து வேலை செய்ததா என்று பழைய இலையில் பார்க்காதீர்கள். தெளித்தபின் விரிந்த புது இலைகளைப் பாருங்கள். முதல் பதிலில் சொன்னபடி, ஏற்கெனவே நுழைந்துவிட்ட பூஞ்சை வெளியே தெரியப் பத்து நாள் ஆகலாம். எனவே தெளித்த மறுவாரமும் சில புதிய புள்ளிகள் தோன்றுவது இயல்பே. இரண்டு வாரம் கழித்து வந்த தளிர்கள் சுத்தமாக இருந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது.

சரி, எந்த மருந்து? எவ்வளவு?

நான் பயன்படுத்துபவற்றைச் சொல்கிறேன். கரும்புள்ளிக்கு மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம். மஞ்சள் பொடி, தெளித்தபின் இலையில் மெல்லிய மஞ்சள் படலம் நிற்கும், அந்தப் படலம்தான் கவசம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். நுனிக்கருகலில் வெட்டிய பிறகு செடி முழுவதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம். இவை மூன்றும் இலைக்கு வெளியே நின்று காப்பவை. நோய் ஏறிவிட்டது என்றால் கார்பென்டாசிம், லிட்டருக்கு 1 கிராம். இது இலைக்குள் ஊடுருவும். உங்கள் கையில் இருக்கும் டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கார்பென்டாசிமை மாதக்கணக்கில் தொடர்ந்து அடிப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் அதற்கு அடங்காத பூஞ்சை மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அந்த மருந்து தண்ணீருக்குச் சமம். ஒருமுறை அடித்தால் அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். கந்தகத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்களில் அதைத் தொடவே கூடாது. ஒரு சித்திரை மாதம் காலை பத்து மணிக்குத் தெளித்தேன். மறுநாள் தளிர் விளிம்பெல்லாம் சுட்ட அப்பளம் போலச் சுருண்டுவிட்டது. வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

எந்த மருந்தானாலும் காற்றில்லாத காலை வேளையில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள்.

போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. பிரான்சில் போர்டோ பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் 1885-ல் மில்லார்டே என்பவர் வெளிப்படுத்திய மருந்து இது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை அவர் கவனித்தார்.

ஒரு சதவீதக் கலவைக்கு, 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரையுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். வெளிர்நீலமாக வரும். ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்துங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகும். செய்த அன்றே தீர்த்துவிடுங்கள். குளிர்ந்து ஈரமாக இருக்கும் நாள்களில் தாமிரம் ரோஜாத் தளிரைச் சுடுவதுண்டு. அதனால் நான் இதைக் கவாத்து முடிந்து இலை குறைவாக இருக்கும்போது தண்டுக்குத்தான் அடிக்கிறேன்.

மோர், பால், சமையல் சோடா, வேப்பெண்ணெய் போதாதா?

சாம்பல் நோய்க்கு ஓரளவு போதும், கரும்புள்ளிக்குப் போதாது. பாலைப் பற்றிப் பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. சீமைச் சுரைக்காய்ச் செடியின் சாம்பல் நோய்க்குப் பத்தில் ஒரு பங்கு பால் கலந்த நீரை வாரந்தோறும் தெளித்து நல்ல பலன் கண்டார். ரோஜாவிலும் நோய் தொடங்கும் முன்பே தெளித்தால் எனக்குப் பயன் தந்திருக்கிறது. சமையல் சோடாவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோஜாவிலேயே சோதித்தார்கள். எண்ணெயோடு சேர்த்துத் தெளித்தபோது நோய் குறைந்தது. லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டாதீர்கள். தொட்டி மண்ணில் சோடியம் சேர்ந்தால் வேர் கெடும்.

வேப்பெண்ணெய் முதன்மையாகப் பூச்சிக்கு. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர்க் கரைசல் வளர்ச்சிக்கு. ஐப்பசி அடைமழையில் கரும்புள்ளியை மோரால் நிறுத்த முடியும் என்று நம்பிக் காத்திருந்தவர்களின் செடிகளை நான் இலையில்லாக் குச்சிகளாகப் பார்த்திருக்கிறேன்.

சூடோமோனாஸும் தெளிக்கிறேன், தாமிர மருந்தும் தெளிக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன்தானே?

பலன் இல்லாமல் போகும். சூடோமோனாஸ் நோய்ப் பூஞ்சையை அடக்கும் உயிருள்ள பாக்டீரியா, தாமிரம் அதைக் கொன்றுவிடும். அதே வேலைக்கு இடும் டிரைக்கோடெர்மாவோ பூஞ்சையினம், பூஞ்சைக்கொல்லி அதற்கும் பகைதான். இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். சூடோமோனாஸை லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் தெளிக்கச் சொல்கிறார்களே, இலை ஈரமாகுமே என்று ஒரு அம்மா சரியாகவே மடக்கினார். வெயில் அந்த பாக்டீரியாவுக்கு ஆகாது என்பதால் சொல்வது அது. நாலு மணிக்குத் தெளித்தால் இருட்டுவதற்குள் இலை உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் தெளிப்பதை விட்டு, மண்ணில் ஊற்றுங்கள்.

பக்கத்துத் தொட்டி வெண்டைக்குச் சாம்பல் நோய். ரோஜாவுக்குப் பரவுமா?

பரவாது. வெண்டையின் சாம்பல் நோய்ப் பூஞ்சை வேறு, ரோஜாவுடையது வேறு. கரும்புள்ளிப் பூஞ்சைக்கும் ரோஜா இனம் மட்டுமே உணவு. அதேபோல உங்கள் ரோஜாவால் மல்லிகைக்கு ஆபத்தில்லை.

ஒரே மாடி, ஒரே கவனிப்பு. மஞ்சள் ரோஜா மட்டும் ஏன் முதலில் சாகிறது?

அதன் பரம்பரை அப்படி. ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் அடர்ந்த மஞ்சள் நெடுங்காலம் கிடையாது. லியோன் நகரத்து பெர்னே-டுஷே என்ற வளர்ப்பாளர், பாரசீக மஞ்சள் என்ற ரோஜாவைக் கலந்து 1900-ல் 'சொலேய் டோர்' என்ற வகையைக் கொண்டுவந்தார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, இருநிற ரோஜாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த இரத்தம் ஓடுகிறது. நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் இடம்கொடுக்கும் குணமும் சேர்ந்தே வந்தது. மாறாக, கரும்புள்ளியைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகளும் உண்டு. 2000-ல் அமெரிக்காவில் வெளியான 'நாக் அவுட்' அப்படிப்பட்டது. எங்கள் மாடியில் பன்னீர் ரோஜாவும் ஆந்திர சிவப்பும் புள்ளி விழுந்தாலும் சமாளித்து நிற்கின்றன. முதல் செடி வாங்குபவர்களுக்கு நான் அவற்றையே சொல்வேன். மஞ்சள்தான் வேண்டும் என்றால், மாடியிலேயே காலை வெயில் முதலில் விழும் இடத்தை அதற்குக் கொடுங்கள்.

நர்சரியில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் இலையெல்லாம் போய்விட்டது. மண் சரியில்லையா?

பல செடிகள் குளிர்ந்த ஊரில், வாராவாரம் மருந்து பெற்று வளர்ந்தவை. வண்டியில் நெருக்கி அடுக்கி, மேலே தண்ணீர் தெளித்து வரும் வழியில் நோய் நுழைந்திருக்கும். நம் வீட்டில் அது வெளியே தெரிகிறது. நானும் ஒருமுறை ஆறு செடிகளை வாங்கிவந்து நேராகப் பழைய தொட்டிகளுக்கு நடுவே வைத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அதற்கு விலை கொடுத்தேன். புதிய செடியைப் பதினைந்து நாள் தனியே வையுங்கள். வாங்கும்போதே அடி இலைகளையும், ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேல் தண்டில் கறுத்த தழும்பு உண்டா என்பதையும் பாருங்கள்.

அடைமழைக் காலம் முழுவதும் என்னதான் செய்வது?

வேலை புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும். தொட்டிகளை இலையோடு இலை உரசாதபடி தள்ளி வையுங்கள். கீழ் ஒரு சாண் உயரத்துக்கு இலைகளை எடுத்துவிடுங்கள். செடியின் நடுவே குறுக்கே ஓடும் மெல்லிய குச்சிகளை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை அகற்றுங்கள். தழைச்சத்து உரத்தைக் குறைத்துவிடுங்கள். அது தரும் கொழுத்த தளிர் நோய்க்குத்தான் விருந்தாகும். மழை தொடங்கும் முன் ஒரு மேன்கோசெப் தெளிப்பு. பிறகு மழை விட்டு இலை உலரும் நாளாகப் பார்த்து, பத்து நாளுக்கு ஒருமுறை. ஒட்டும் திரவம் சேர்த்தால் அடுத்த தூறலில் மருந்து கழுவிப்போகாது. அதையும் மீறிப் பலத்த மழை கொட்டினால் கணக்கைப் பார்க்காமல் மறுபடி தெளிக்க வேண்டியதுதான்.

முடிந்தவர்கள் மதிப்புள்ள நாலைந்து செடிகளை ஒளி ஊடுருவும் தகட்டுக் கூரையின் கீழ் நகர்த்திவிடலாம். மருந்தைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. மழை பெய்யும் நாளில் மட்டும் கவாத்து வேண்டாம்; ஈரமான வெட்டுவாய் நுனிக்கருகலுக்குத் திறந்த கதவு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் என்றால் வெட்டுங்கள்.

கருகல் அடித்தண்டு வரை வந்துவிட்டது. இனி காப்பாற்ற முடியுமா?

ஒட்டுக்கட்டிய முடிச்சைப் பொறுத்தது. முடிச்சுக்கு மேல் ஓர் அங்குலமாவது, மூன்றாவது கேள்வியில் சொன்ன வெள்ளைச் சோறு தெரியும் தண்டு இருந்தால் அதுவரை வெட்டிப் பசை தடவி, மண்ணை அதிகம் நனைக்காமல் நிழல் கலந்த வெளிச்சத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் முடிச்சுக்கு அருகே செந்தளிர் எட்டிப் பார்த்தால் பிழைத்தது. முடிச்சுக்குக் கீழிருந்து, இலை வடிவமே வேறாக, வேகமாகக் கிளம்பும் தளிரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வேர்ச்செடியின் கிளை, உங்கள் ரோஜா அல்ல. முடிச்சே பழுப்பாகிவிட்டால் செடியை எடுத்துவிடுங்கள். அந்த மண்ணில் உடனே இன்னொரு ரோஜாவை நடவேண்டாம்.

மருந்து தெளித்த பன்னீர் ரோஜாவில் குல்கந்து செய்யலாமா? எத்தனை நாள் கழித்து?

நாள் கணக்குச் சொல்ல மாட்டேன், செய்யாதீர்கள். பூச்செடிக்கான மருந்துகளின் அளவும் இடைவெளியும், இதழை யாரும் உண்ணப்போவதில்லை என்ற எண்ணத்தில் குறிக்கப்பட்டவை. கார்பென்டாசிம் போன்றவை செடிக்குள் ஊடுருவுபவை, இதழைக் கழுவினால் போகாது. உண்பதற்கென்று இரண்டு பன்னீர் ரோஜாத் தொட்டிகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்குக் காலைத் தண்ணீர், இலை பொறுக்குதல், பால் கரைசல், மண்ணில் சூடோமோனாஸ் ஆகியவை மட்டும். மற்ற தொட்டிகளுக்குத் தெளிக்கும்போது சாரல் படாத தூரத்தில் வையுங்கள். நர்சரியில் புதிதாக வாங்கிய செடியின் முதல் பூக்களையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். அங்கே அதற்கு என்ன தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு தொட்டிகளுக்கும் குழந்தைகள் அடையாளம் காண வெள்ளைச் சாயம் பூசியிருக்கிறோம்.